கன்சல்டன்சியை வளர்ப்பது எப்படி: சேலத்து இன்ஜினியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் அஞ்சு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு டிராஃப்ட்ஸ்மேன். கட்டடம் தாங்குமா என்று கணக்குப் போட்டு வரைபடம் கொடுக்கும் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சியை நான் ஆரம்பித்தது அப்படித்தான். இன்று பதினெட்டுப் பேர் இருக்கிறோம். பெங்களூர்க் கணக்கில் இது சின்ன ஆபீஸ். நம்மூர்க் கணக்கில் "அண்ணா, எப்படிண்ணா இவ்வளவு தூரம் வந்தீங்க" என்று தம்பிமார்கள் கேட்கிற அளவு. டீக்கடையில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். வரி, சட்டம் சம்பந்தமானவற்றுக்கு உங்கள் ஆடிட்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் வளர்கிறதா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது?

கையில் எத்தனை வேலை இருக்கிறது என்பதை வைத்துச் சொல்லாதீர்கள். நான் ஆறு பேரோடு இருந்தபோது கையில் நாற்பது வேலை இருந்தது. அந்த வருஷம்தான் அதிகம் கடன் வாங்கினேன்.

என் சோதனை வேறு. பத்து நாள் குலதெய்வம் கோயில், சொந்தக்காரர் வீடு என்று போனை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்ததும் பாருங்கள்: சரிபார்த்து, கையெழுத்தாகி, சைட்டுக்குப் போன வரைபடங்கள் எத்தனை? ஒன்றும் போகவில்லை என்றால் உங்களிடம் இருப்பது ஆபீஸ் ஆகாது, நீங்களும் நான்கு உதவியாளர்களும்தான். நிறையப் போயிருக்கின்றன, ஆனால் யாரும் சரிபார்க்கவில்லை என்றால் அது இன்னும் மோசம்.

கன்சல்டன்சியில் நாம் விற்பது கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு முன்னால் ஒரு தகுதியான கண் ஒவ்வொரு தாளையும் பார்த்திருக்க வேண்டும். எத்தனை கண் இருக்கிறதோ அவ்வளவுதான் வளர முடியும். கீழே வரும் பதில்களில் பாதி இதையே சுற்றி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளான் அப்ரூவல் வேலை நன்றாகவே ஓடுகிறது. அதை வைத்தே வளர முடியாதா?

பிழைக்கலாம். வளர்வது கஷ்டம். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றுத் திட்டத்தைக் கொண்டு வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் என்றால் வீட்டுக்காரரே ஆன்லைனில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கலாம். ஃபேர்லேண்ட்ஸிலிருந்து கொண்டலாம்பட்டி வரை நமக்கு வரும் வீடுகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள்தான். கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவதற்காக நமக்குக் கொடுத்த காசு அன்றோடு மெலிந்துவிட்டது.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அலைச்சலுக்கு வாங்கிய காசு இன்ஜினியரிங்குக்கு வாங்கிய காசு கிடையாது.

அப்படியானால் எந்தத் துறைக்குப் போவது?

"எந்தத் துறை" என்று கேட்பதை விட, "இருக்கும் வாடிக்கையாளரின் அடுத்த தலைவலி எது" என்று கேளுங்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்காரர். முதலில் அவர் வந்தது காயவைக்கும் களத்தில் கான்கிரீட் வெடித்துக்கொண்டே இருக்கிறது என்று. ஆயிரம் ரூபாய் வேலை. போய்ப் பார்த்தேன். களத்தில் ஜாயின்ட் சரியாக வெட்டவில்லை, அவ்வளவுதான். அங்கே நிற்கும்போது கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்தேன். கிழங்கு கழுவி அரைத்த தண்ணீர் நின்றால் புளித்து அமிலமாகும், கான்கிரீட்டைத் தின்னும். தொட்டிச் சுவரில் ஜல்லி வெளியே தெரிந்தது. "இது எத்தனை வருஷத் தொட்டிங்க?" என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியில் இரண்டாவது வேலை வந்தது. அந்தக் கழிவுநீரிலிருந்தே எரிவாயு எடுக்கலாம் என்று பயோகேஸ் கம்பெனி வந்தபோது அஸ்திவாரம் மூன்றாவது வேலை. கூரையில் சோலார் பேனல் போட வேண்டும், பழைய ஷெட் அந்த எடையையும் காற்றையும் தாங்குமா என்பது நான்காவது. பிறகு தலைவாசலில் அவர் மச்சான் ஆலை. அவருடைய நண்பர் ஒருவருக்கு நாமக்கல்லில் கோழிப்பண்ணை.

ஏழு வருஷத்தில் ஒரு களத்து வெடிப்பிலிருந்து பதினோரு வேலை. விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவில்லை. இன்று ஜவ்வரிசி ஆலைக் கட்டுமானம் என்றால் எங்கள் பெயரைச் சொல்கிறார்கள். கிழங்குச் சக்கையான திப்பியை எங்கே கொட்ட வேண்டும், கிழங்கு சீசன் தொடங்குமுன் எந்த வேலை முடிய வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும், வெளியூர் இன்ஜினியருக்குத் தெரியாது. ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981லிருந்து இங்கேதான் இருக்கிறது, 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. ஊர் உலகமே அறிந்த ஒரு தொழில் நம் வாசலில் இருக்கும்போது ஐ.டி. பார்க் கனவு எதற்கு?

உங்களுக்கு அது ஜவ்வரிசியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இளம்பிள்ளைத் தறிக்கூடம், மேட்டூர்ப் பக்கத்துக் கெமிக்கல் ஆலை, உருக்காலையைச் சுற்றியுள்ள ஃபேப்ரிகேஷன் ஷெட், மேக்னசைட் சூளை, மருத்துவமனைக்கு மேல்மாடி ஏற்றுவது என்று நிறைய இருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் உள்ளும் புறமும் தெரிந்துகொள்ளுங்கள். ராணுவத் தளவாடங்களுக்கான பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், கோவை, திருச்சியோடு சேலமும் ஒரு முனை. கேட்கக் காது குளிர்கிறது. எனக்கு இதுவரை அதிலிருந்து ஒரு வேலையும் வரவில்லை.

சின்ன வீட்டு வேலைகளை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். மாதம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்த பையன் முதல் முறையாகக் கம்பி அட்டவணை போடுவது அதில்தான்.

கட்டணம் எப்படி நிர்ணயிப்பது? சதுர அடிக்கு இவ்வளவு என்றால்தான் கேட்கிறார்கள்.

வாடிக்கையாளரிடம் சதுர அடிக் கணக்கில் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் நோட்டில் மணிக்கணக்கில் போட்டுப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. நானும் பத்து வருஷம் செய்யவில்லை.

ஒரு டிசைன் இன்ஜினியருக்கு 40,000 சம்பளம் என்று வையுங்கள். வாடகை, கரண்ட், சாஃப்ட்வேர், பி.எஃப்., பைக் பெட்ரோல், போன் எடுக்கும் பெண் சம்பளத்தில் அவர் பங்கு எல்லாம் சேர்ந்து இன்னொரு 40,000. மாதம் 80,000. இருபத்தைந்து நாள், எட்டு மணி நேரம் என்றால் 200 மணி நேரம். ஆனால் பில் போடக்கூடிய வேலையில் அவர் செலவிடுவது 140 மணி நேரம்தான். மிச்சம் திருத்தம், போன், மீட்டிங், பஸ் தாமதம், பக்கத்து ஊர்த் திருவிழா. 80,000ஐ 140ஆல் வகுத்தால் மணிக்கு 571 ரூபாய். இது அடக்க விலை, லாபம் இன்னும் சேரவில்லை.

60 மணி நேரம் பிடிக்கும் வேலைக்கு 20,000 கோட் செய்தீர்கள் என்றால், அடக்கமே 34,000க்கு மேல். வீட்டுக்காரருக்கு நீங்கள் கைக்காசு 14,000 மொய் எழுதியிருக்கிறீர்கள். இதில் சரிபார்க்கும் சீனியரின் நேரம் கூட வரவில்லை. அவருடைய ஆறு மணி நேரத்தையும் சேர்த்துக்கொண்டுதான் கோட் செய்ய வேண்டும். விலை குறைக்கச் சொல்லும்போது நாம் முதலில் வெட்டுவது அந்த ஆறு மணி நேரத்தைத்தான். அதுதான் ஆபத்து.

இன்னொன்று: எத்தனை முறை திருத்தம் இலவசம் என்று கடிதத்தில் எழுதுங்கள். இரண்டு என்று நான் எழுதுகிறேன். "வாஸ்துக்காரர் சொன்னார், மாடிப்படியைத் திருப்பணும்" என்று வருகிறவர் மூன்றாவது தடவை கூச்சப்படாமல் காசு கொடுக்கிறார்.

அடுத்த தெரு இன்ஜினியர் பாதி ரேட்டுக்குச் செய்கிறாரே?

செய்யட்டும். அவரிடம் போனவர்களில் சிலர் சென்ட்ரிங் அடித்த பிறகு சந்தேகம் கேட்க நம்மிடம் வருவார்கள். அந்தச் சந்தேகத்துக்குத் தனியாக ஃபீஸ் வாங்குங்கள்.

ஏற்காட்டில் நிறைய ரிசார்ட் வேலை இருக்கிறதாமே. போகலாமா?

போகலாம், ஆனால் சமவெளி ரேட்டில் போகாதீர்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினால் அரை நாள் போச்சு. கோட்டில் எத்தனை சைட் விசிட் என்று எண்ணிக்கை போட்டு, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்று எழுதுங்கள்.

அனுமதியும் வேறு. ஏற்காடு தாலுகா, ஹாகா என்று எல்லோரும் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகிறது. 1990லிருந்தே. சமவெளியில் வாங்கிய அனுமதி அனுபவத்தை வைத்து "மூன்று மாசத்தில் முடிச்சுடலாம்" என்று வாக்குக் கொடுத்தால் நீங்கள்தான் பொய்யர் ஆவீர்கள்.

மண் விஷயம் அதைவிடப் பெரியது. அங்கே செம்மண்ணுக்குள் வண்டி அளவு பாறை உருண்டைகள் மிதந்துகொண்டிருக்கும். மண் பரிசோதனைக்கு ஒரு துளை போட்டு நாலு மீட்டரில் கல் தட்டியதும் "பாறை வந்துடுச்சு" என்று எழுதி வந்துவிட்டால், அது வெறும் உருண்டையாக இருக்கலாம். இரண்டடி தள்ளித் துளைத்தால் மண் இறங்கிக்கொண்டே போகும். மலையில் குறைந்தது மூன்று துளை என்று நான் பிடிவாதம் பிடிப்பேன். சரிவின் மேலும் கீழும் இருக்க வேண்டும்.

இனி நான் பட்ட அடி. ஒரு தங்கும் விடுதிக்குத் தாங்குசுவர், மூன்று மீட்டர் உயரம். கணக்கு நானே போட்டேன், சரியாகத்தான் இருந்தது. அந்த மாதம் ஆபீஸில் எட்டு வேலை ஓடிக்கொண்டிருந்தது. கடைசித் திருத்தத்தில் வரைபடத்தைப் புதிதாக எடுத்தபோது, சுவரில் தண்ணீர் வடியும் துளைகளும் பின்னால் போடும் ஜல்லிப் படுகையும் விடுபட்டுப் போயின. யாரும் பழைய தாளோடு ஒப்பிடவில்லை. நான் காரில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேஸ்திரி வரைபடத்தில் இருந்ததைக் கட்டினார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஐப்பசி மழையில் சுவர் முன்னால் சாய்ந்தது. ஆள் யாருக்கும் அடியில்லை, அது கடவுள் புண்ணியம். நல்ல மண் மட்டும் தள்ளினால் அந்தச் சுவருக்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் 27 கிலோநியூட்டன் தள்ளுவிசை வரும். பின்னால் தண்ணீர் முழுக்கத் தேங்கிவிட்டால் மண்ணும் தண்ணீரும் சேர்ந்து 58 வரை போகும், இருமடங்குக்கு மேல். நாலு அங்குலக் குழாய் சில துண்டு இருந்திருந்தால் போதும். திரும்பக் கட்டிய செலவில் பாதியை நான் கொடுத்தேன். அந்த வருஷத்து லாபம் அதோடு சரி.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது எனக்கு வந்த முதல் நினைப்பு, நாங்கள் கட்டிய சுவர்கள் எப்படி இருக்கின்றன என்பதுதான். நின்றன. ஆனால் அந்த இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மலை வேலைக்கு ரேட் சொல்லும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரிபார்ப்பு என்று சொல்கிறீர்களே, நடைமுறையில் அது என்ன?

சுவர் சாய்ந்த பிறகு நாங்கள் கொண்டு வந்த முறை இது. வரைந்தவர் சரிபார்க்கக் கூடாது. சரிபார்ப்பவர் தாளில்தான் பார்க்க வேண்டும், திரையில் கூடாது. ஒவ்வொரு அளவையும் ஒவ்வொரு கம்பியையும் பார்த்ததும் மஞ்சள் பூச வேண்டும். தப்பென்றால் சிவப்பு. மஞ்சள் படாத இடம் பார்க்காத இடம். திருத்தத்தாள் வந்தால் பழைய தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். மஞ்சள் பூசிய தாள் கோப்பில் இருந்தால்தான் நான் கையெழுத்துப் போடுவேன், வெளியில் மேஸ்திரி வண்டியை ஸ்டார்ட் செய்து நின்றாலும் சரி.

முதல் மாதம் எல்லோரும் முணுமுணுத்தார்கள். பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது என்றார்கள். இருக்கட்டும். கணக்குக்கும் அதே மாதிரிதான்: ஈடாப்ஸ் என்ற டிசைன் சாஃப்ட்வேர் சொன்ன எண்ணை, முக்கியமான இரண்டு தூணுக்காவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும். நாலு டிசைனருக்கு ஒரு சரிபார்ப்பவர் என்பது என் அளவு. ஐந்தாவது ஆளை எடுக்கும் முன் இரண்டாவது சரிபார்ப்பவரைத் தேடுவேன்.

முதலில் யாரை வேலைக்கு எடுப்பது?

எல்லோரும் மலிவாக நாலு புதுப் பட்டதாரிகளை எடுப்பார்கள். நானும் அதையே செய்து கையைச் சுட்டுக்கொண்டேன். நாலு பேர் வேலையையும் நானே ராத்திரி பார்க்க வேண்டி வந்தது. நாலு சம்பளத்தில் ஒரு சீனியரை எடுத்திருக்க வேண்டும். வங்கியில் வேலை பார்க்கும் மனைவியோடு சொந்த ஊருக்குத் திரும்பியவர், அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர், வாரம் மூன்று நாள் வரும் ஓய்வு பெற்ற பேராசிரியர் என்று தேடினால் கிடைப்பார்கள்.

பையன்களுக்குப் பஞ்சமில்லை. கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி 1966லிருந்து இருக்கிறது, சோனா கல்லூரி இருக்கிறது, சுற்றிலும் இன்னும் பல. இரண்டு வருஷம் கற்றுக்கொண்டு பெங்களூர் போய்விடுவார்கள் என்பதுதான் எல்லோருடைய புலம்பல். போவார்கள். அவர்களைச் சபிக்காதீர்கள். எங்களிடமிருந்து போன ஒரு பையன் அங்கே ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்துகொண்டு இப்போது எங்களுக்கு வேலை அனுப்புகிறான். இருப்பவர்களைத் தக்க வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, வாடிக்கையாளர் முன்னால் அவர்களைப் பேச விடுவது. "நம்ம பையன் சொல்வாரு, கேளுங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது. எனக்கு அது பழக வருஷமாயிற்று.

தனியாளாகவே இருப்பதா, பார்ட்னர்ஷிப்பா, எல்.எல்.பி.யா, கம்பெனியா?

வருஷ வரவு 75 லட்சத்துக்குள், அதில் ரொக்கம் 5 சதவீதத்துக்கு மேல் இல்லை என்றால், பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் எளிய வழி தனியாளுக்கும் சாதாரணப் பார்ட்னர்ஷிப்புக்கும் உண்டு. எல்.எல்.பி.க்கும் (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள பார்ட்னர்ஷிப்) கம்பெனிக்கும் இல்லை. அதனால் அவசரப்பட்டு பிரைவேட் லிமிடெட் போர்டு மாட்டாதீர்கள். டெண்டருக்குப் போக வேண்டும், சீனியர்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்ற நிலை வரும்போது மாறுங்கள். நாங்கள் பன்னிரண்டாவது ஆள் வந்தபோது எல்.எல்.பி. ஆனோம்.

பார்ட்னர் சேர்க்கிறீர்கள் என்றால் பிரிவதற்கான விதியை முதல் நாளே எழுதுங்கள்: யார் வாடிக்கையாளர் யாரோடு போவார், பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பு யார். மாமன் மச்சானாக இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

வேலை இருக்கிறது, பணம்தான் வரமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இது கேள்வியே இல்லை, அழுகை. எனக்கும் உண்டு. சேலத்தில் ஒரு நிர்வாகத்திடமிருந்து பதினான்கு மாதம் கழித்து வாங்கியிருக்கிறேன்.

10 லட்ச ரூபாய் பில் என்று வையுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 11.80 லட்சம். வாடிக்கையாளர் தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம் டி.டி.எஸ். (நம் கணக்கில் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து 10.80 கொடுப்பார், கொடுக்கும்போது. நீங்கள் பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் 1.80 லட்சம் அரசாங்கத்துக்குக் கட்டியாக வேண்டும். அவர் கொடுத்தாரா என்று ஜி.எஸ்.டி. இலாகா கேட்காது. வாங்காத காசுக்கு வரி. வேலை பெருகப் பெருக இந்தக் குழி ஆழமாகும். வளர்ச்சியில் மூழ்கிய ஆபீஸ்களை நான் பார்த்திருக்கிறேன், வேலையில்லாமல் மூழ்கியதை விட அதிகம்.

அதனால் மூன்று காரியம். ஒன்று, முன்பணம் 30 சதவீதம் இல்லாமல் மவுஸைத் தொடாதீர்கள். இரண்டு, வேலையைச் சின்னக் கட்டங்களாக உடைத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் பில் தேதியை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அஸ்திவார வரைபடம், தரைத்தள ஸ்லாப் என்று கட்டம் இருந்தால், அடுத்த வரைபடம் போகும் முன் முந்தைய காசு வரும். கட்டடம் எழும்பிவிட்டால் நம் முகம் மறந்துவிடும். மூன்று, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு போட்டு அந்த எண்ணைப் பில்லிலேயே அச்சடியுங்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் வருஷச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்த வட்டியை யாரிடமும் நான் வாங்கியதில்லை. ஆனால் இப்போது வருமான வரியில் இன்னொரு பிடி இருக்கிறது: கெடு தாண்டியும் கொடுக்காத தொகையை அவர் அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டரே அவரை விரட்டுவார். நமக்கு அதுதான் வேண்டும்.

மூன்று மாதச் சம்பளம் பேங்கில் தொடாமல் இருக்கட்டும். அது இல்லாமல் புது ஆள் எடுக்காதீர்கள்.

அரசு டெண்டர் போடலாமா?

போடலாம், முதல் இரண்டு வருஷம் லாபம் எதிர்பார்க்காமல். கன்சல்டன்சி டெண்டர்களில் பலவற்றில் தரத்துக்கு 70 அல்லது 80 மதிப்பெண், விலைக்கு மிச்சம். தரம் என்றால் இதே மாதிரி வேலை எத்தனை செய்தீர்கள், டர்ன்ஓவர் என்ன, முதன்மை இன்ஜினியர்களின் அனுபவம் என்ன என்பது. சின்ன ஆபீஸ் இங்கேயே தடுக்கி விழும். 2016ல் சேலம் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் வந்தபோது எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது சர்வேயும் மண் பரிசோதனையும்தான். முகம் சுளிக்காமல் செய்தோம். ஒவ்வொரு வேலைக்கும் முடிவுச் சான்றிதழ் கேட்டு வாங்கி வைத்தோம், அந்தக் காகிதம் பின்னால் டெண்டரில் காசானது. பெரிய நிறுவனத்தோடு துணைக் கன்சல்டன்டாகப் போகும்போது உங்கள் பெயர் போட்ட சான்றிதழ் வருமா என்று முதலிலேயே கேளுங்கள். வராது என்றால் ரேட்டைக் கூட்டுங்கள்.

வெளிநாட்டு வேலை, ஸ்டீல் டீட்டெய்லிங் (இரும்புச் சட்டங்களுக்கு விவர வரைபடம்), ரெவிட் சாஃப்ட்வேரில் கட்டட மாடலிங்?

நல்ல காசு. ஏற்றுமதி என்பதால் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துவிட்டால் ஜி.எஸ்.டி. இல்லாமல் பில் போடலாம். 45 நாள் இழுத்தடிப்பு குறைவு. ஆனால் அது வேறு தொழில் என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே டன்னுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று நம் உழைப்பை விற்கிறோம், தீர்மானம் அவர்களுடையது. ஒரே வாடிக்கையாளரை நம்பிப் பத்துப் பேரை எடுத்து, ஒரு மின்னஞ்சலில் எல்லாம் முடிந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். எங்கள் வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதை விடுவதில்லை.

ஒரு எதிர்பாராத நன்மை: அவர்களுடைய சரிபார்ப்புக் கண்டிப்பு. எங்கள் பையன்கள் மஞ்சள் பேனாவுக்கு எதிராக முணுமுணுப்பதை நிறுத்தியது, ஆஸ்திரேலியாவிலிருந்து அதே மஞ்சள் பூசிய தாள் திரும்பி வந்த அன்றுதான்.

திருட்டு சாஃப்ட்வேர்?

வளரும் எண்ணம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். வெளிநாட்டுக்காரர் முதலில் கேட்பது லைசென்ஸ். எல்லாவற்றையும் வாங்க முடியாது என்றால் ஒரு லைசென்ஸை ஷிஃப்ட் போட்டுப் பயன்படுத்துங்கள்.

கிளை எங்கே திறப்பது? பெங்களூரா, கோவையா?

வாடிக்கையாளர் ஏற்கெனவே எங்கே போகிறாரோ அங்கே. எங்கள் ஃபேப்ரிகேஷன் வாடிக்கையாளர்கள் இருவர் ஓசூரில் ஷெட் போட்டார்கள், நாங்களும் போனோம். கோவையில் "நல்ல மார்க்கெட்" என்று கேள்விப்பட்டுத் திறந்த அறையை ஒன்றரை வருஷத்தில் மூடினோம். அங்கே எங்களைத் தெரிந்தவர் ஒருவருமில்லை. வாடகையும் அவமானமும் மிச்சம். நாலு வழிச் சாலையில் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் கோவையோ பெங்களூரோ போய் வேலையை ஆரம்பிக்கலாம் என்கிற ஊர் இது. கிளை இல்லாமலே ரொம்ப தூரம் போகலாம்.

கிளை திறந்தால் அங்கே டிசைனர் வைக்காதீர்கள். சைட் பார்க்கவும் பேசவும் ஒரு மூத்த ஆள் போதும். வரைபடம் சேலத்திலேயே சரிபார்க்கப்படட்டும்.

தொழில்முறைப் பொறுப்பு இன்சூரன்ஸ் தேவையா?

தேவை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டு எடுங்கள்: இந்தப் பாலிசிகள் பொதுவாக, கோரிக்கை வரும் வருஷத்தில் அமலில் இருந்தால்தான் காப்பாற்றும். பத்து வருஷத்துக்கு முன் போட்ட டிசைனுக்கு இன்று புகார் வந்தால் இன்றைய பாலிசிதான் பேசும். நடுவில் ஒரு வருஷம் விட்டுவிட்டால் பழைய வேலைகள் காப்பில்லாமல் நிற்கும். பழைய வேலைகளுக்கான முன்தேதிப் பாதுகாப்பு எந்த நாளிலிருந்து என்று எழுத்தில் கேளுங்கள். சுவர் சாய்ந்தபோது என்னிடம் பாலிசி இல்லை. அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

உங்களுக்குப் பிறகு யார்?

என் மகளுக்கு இன்ஜினியரிங்கில் விருப்பமில்லை. பல் டாக்டருக்குப் படிக்கிறாள். அதனால் இந்தக் கேள்விக்குச் சீக்கிரமே பதில் தேட வேண்டி வந்தது. இரண்டு சீனியர்களுக்கு எல்.எல்.பி.யில் பங்கு கொடுத்தேன், இலவசமாக இல்லை, அவர்கள் போனஸிலிருந்து ஐந்து வருஷத்தில் கட்டும்படி. காசு கட்டியவர்தான் ராத்திரி பத்து மணிக்கு மழை பெய்தால் எழுந்து உட்காருகிறார்.

கையெழுத்தைக் கைமாற்றுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. முதலில் வீடுகள், பிறகு ஷெட், பிறகு மூன்று மாடி. தாங்குசுவரை மட்டும் நானே வைத்துக்கொண்டிருந்தேன், காரணம் உங்களுக்குத் தெரியும். போன மாதம் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துப் பங்களாவுக்கு நாலு மீட்டர் சுவர். அந்த வரைபடம் என் கையெழுத்து இல்லாமலே மலை ஏறியது. மறுநாள் ஆபீஸுக்கு வந்ததும் கோப்பை எடுத்து அந்தத் தாளைப் பார்த்தேன். துளைகள் ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் இருந்தது. ஓரத்தில் யாரோ சிவப்பில் "ஜல்லிப் படுகை தடிப்பு போடவில்லை" என்று எழுதி, கீழே திருத்தமும் ஆகியிருந்தது.